குறை

பதினோரு வயது வண்டி.
மூக்கில் வெள்ளி மீன், உள்ளே தேக்குப் பலகை,
முன்பு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரின் அத்தர்
மழைக்காலத்தில் மட்டும் இருக்கைத் தோலிலிருந்து எழும்பும்.
பச்சைத் தேயிலை நல்ல விலை தொட்ட வருஷம்
கோயமுத்தூரிலிருந்து ஓட்டி வந்தேன்.
அரவேணுக் கடைவீதி டீ கிளாஸோடு எழுந்து நின்றது.
"ஒரு கம்ப்ளெயின்ட்டும் கிடையாது, செவணன்,
பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டேன்"
என்றிருந்தார் மில் வரதராஜுலு.
அவர் பொண்ணை எனக்குத் தெரியாது.

குஞ்சப்பனைக்கு மேலே,
மூங்கில் ரோட்டில் சாய்ந்திருக்கும் ஏழாவது வளைவில்
ஓர் ஐப்பசி மாலை
எஞ்சின் தானாக அணைந்தது.
ஒரு விக்கல்கூடக் கிடையாது.
ஸ்டியரிங் கல்.
பிரேக், காலுக்கடியில் மரக்கட்டை.
பக்கத்தில் மாதி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
மண்திட்டில் உரசி, உண்ணிப் புதரில்
மூக்கைச் சொருகி நின்றோம்.
ஒரு சுளை கண்ணாடியில் ஒட்டியிருந்தது.
ஏர்பேக் விரியவில்லை.
அதன் விளக்கு மட்டும் சிவப்பாய்,
ரொம்பப் பொறுமையாய் எரிந்துகொண்டிருந்தது.

கம்பெனிக்கு எழுதினேன்.
மகள் இங்கிலீஷைத் திருத்தினாள்.
நான் 'பயம்' என்று போட்ட இடத்தில்
'அசௌகரியம்' என்று வைத்தாள்.
நாற்பத்திரண்டாம் நாள் பதில்:
வாரண்டி முடிந்த வண்டி.
மலை ஈரம் காரணமாயிருக்கலாம். எலி கடித்திருக்கலாம்.
இதே மாதிரி வேறெவரும் எங்களிடம் சொன்னதில்லை.
கையெழுத்தும் அச்சில்தான்.

மார்கழியில் கால்விரிப்பைக் காயப்போடத் தூக்கினால்
அடியில் காகிதம், நாலாய் மடித்து, ஓரம் கறுத்து.
ரேஸ்கோர்ஸ் டாக்டர் அனசூயா,
வண்டியின் முதல் உரிமையாளர்,
ஒன்பது வருஷத்துக்கு முன் எழுதியது.
தானாக அணைகிறது. ஸ்டியரிங் இறுகிவிடுகிறது.
என் தம்பி முன்சீட்டில் இருந்தான்.
'இருந்தான்' என்கிற சொல்லோடு
மடிப்பில் கிழிந்துபோயிருந்தது.
கூடவே கம்பெனியின் பதில்.
இதே மாதிரி வேறெவரும் எங்களிடம் சொன்னதில்லை.
அந்த வரிக்கடியில் பச்சை மையில் ஒரு கோடு.
ஆர்.சி. மாற்றித் தந்த அன்று
வரதராஜுலு கையெழுத்திட்டாரே,
அதே பச்சை.

தை பிறந்ததும் காரமடையிலிருந்து பிரணேஷ் வந்தான்.
மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகை விடப்போகிறானாம்.
பானெட்டைத் தட்டினான். வெள்ளி மீனைத் தடவினான்.
"ஏதாச்சும் கம்ப்ளெயின்ட் இருக்குங்களாண்ணா?"
கொடிக்கயிற்றில் துணி போட்டுக்கொண்டிருந்த மாதி
கையை நிறுத்தினாள்.
'பொண்ணு மாதிரி' என்று நாக்கு நுனிக்கு வந்தது.
வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
காய்ந்த இலையை ஈரம் என்று சொல்லி
இருபது வருஷம் எடை கழித்தவன்தான் நானும்.

உள்ளே போய் நாலு காகிதத்தையும் எடுத்துவந்தேன்.
நின்றபடியே படித்தான்.
டாக்டரின் கடிதத்தில் கொஞ்சம் நேரம் எடுத்தான்.
அப்புறம் சிரித்தான்.
குறையைச் சொன்னேன்,
நாற்பதாயிரம் குறைத்தான்.
"பழைய வண்டின்னா அப்படித்தானுங்க,
நம்ம ஃபாரூக் பார்த்துக்குவான்."
காகிதத்தைத் திருப்பி நீட்டினான்.
வண்டியோடேயே இருக்கட்டும் என்றேன்.
விரிப்புக்கடியில் அவனேதான் வைத்தான்.

நாலரை மணி. பள்ளத்திலிருந்து
பனி ஏறிவந்துகொண்டிருந்தது.
வாசலில் நின்று ஹார்னை எண்ணினேன்,
வளைவுக்கு ஒன்று,
நான் சொல்லி அனுப்பியபடி நீளமாய்.
ஆறு கேட்டது.
அதற்குள் மேட்டுப்பாளையம் பஸ் முக்கி முனகி ஏறிவந்து
எங்கள் முன்னால் கியர் மாற்றி
மலையில் இருந்த சத்தத்தையெல்லாம் தின்றுவிட்டுப் போனது.

ரூபாய் கட்டு ஜன்னல் விளிம்பில் கிடந்தது, எண்ணாமல்.
ஈரத்துணியைத் தோளில் போட்டபடி மாதி
பக்கத்தில் வந்து நின்றாள்.
"ஏழு கேட்டுச்சா?"